கேட்பதற்கு இடம் விடுங்கள்

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் தாத்தா பாட்டிகளுக்கு,



பயிற்சி மையங்களின் வாசல் பெஞ்சுகளில் உங்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருப்பார்கள். தண்ணீர் பாட்டிலும் மாற்று டிரஸ்ஸும் எடுத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்துப் பேரப்பிள்ளையை அழைத்து வருவது நீங்கள். மூடிய கதவுக்கு வெளியே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். கதவு திறந்ததும் முதலில் கேட்பது, "இன்னைக்கு ஏதாவது பேசினானா?"

அடுத்த குழந்தை காத்திருப்பதால் சிறப்பாசிரியர்களான நாங்கள் அவசரமாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறோம். நிதானமாக உட்கார்ந்து பேச வேண்டியதை இங்கே எழுதுகிறேன். பெற்றோருக்கென்று வகுப்புகள் நடத்துகிறோம், குறிப்புகள் அச்சடித்துக் கொடுக்கிறோம். உங்களிடம் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. ஆனால் குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி உங்களோடுதான் கழிகிறது. பேச்சுக்கு வழி செய்வதில் எங்கள் கையில் இருப்பதைவிட உங்கள் கையில் இருப்பது அதிகம் என்று உறுதியாக நம்புகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தை கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கொடுத்துவிடாதீர்கள். கேட்பதற்குக் கொஞ்சம் இடம் விடுங்கள். அது எந்த வடிவத்தில் கேட்டாலும் உடனே கொடுங்கள்.

முகம் வாடினால் பசி என்று உங்களுக்குத் தெரியும். கண்ணைக் கசக்கினால் தூக்கம் என்று தெரியும். அது எழுந்து ஃபிரிட்ஜ் பக்கம் நடந்தாலே தயிர் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுகிறீர்கள். மூன்று நான்கு பிள்ளைகளை வளர்த்த கை அது. அந்த அனுபவம் சாதாரணமாக ஒரு வரம். இந்தக் குழந்தையின் விஷயத்தில் மட்டும் அதுவே பேச்சுக்கான தேவையை எடுத்துவிடுகிறது. வாயைத் திறக்காமலே எல்லாம் நடக்கிறது என்றால், அது எதற்காக அவ்வளவு சிரமப்பட்டு ஒரு சொல்லைத் தேட வேண்டும்?

உள்ளே நாங்கள் என்ன செய்கிறோம் என்று உங்களுக்குத் தெரிந்தால் இது புரியும். ரசீதில் 'ஏபிஏ' என்று எழுதியிருக்கும். அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ் என்பதன் சுருக்கம். தமிழில் நடத்தைப் பயிற்சி என்று சொல்லலாம். குழந்தை ஒன்றைச் செய்வதற்கு முன்னால் என்ன நடந்தது, அது என்ன செய்தது, செய்த பிறகு அதற்கு என்ன கிடைத்தது என்று மூன்றையும் பார்ப்போம். முன்னால் நடப்பதையும் பின்னால் கிடைப்பதையும் மாற்றினால் நடுவில் இருப்பது மாறும். அடிப்படை அவ்வளவுதான்.

பேச்சை இந்தக் கண்ணால் பார்த்தவர் அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர். 1957இல் வெளியான 'வெர்பல் பிஹேவியர்' என்ற நூலில், ஒரு சொல்லின் பொருள் என்ன என்பதைவிட அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தார். மொழி முழுவதையும் இப்படி விளக்கிவிட முடியாது என்று நோம் சாம்ஸ்கி 1959இல் கடுமையாக மறுத்தது வேறு கதை. ஆனால் குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பவர்களுக்கு ஸ்கின்னரின் பகுப்பு இன்றும் உதவுகிறது.

'தண்ணி' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தாகம் எடுத்துத் "தண்ணி" என்று கேட்பது ஒரு வேலை. குழாயில் வழிவதைப் பார்த்து "தண்ணி" என்று காட்டுவது இன்னொன்று. நீங்கள் சொன்னதும் அப்படியே திருப்பிச் சொல்வது மூன்றாவது. "தாகம் எடுத்தா என்ன குடிப்போம்?" என்றால், எதிரில் தண்ணீர் இல்லாவிட்டாலும் பதில் சொல்வது நான்காவது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்று வந்தால் மற்றவை கூடவே வந்துவிடும். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு அப்படி வராது. ஒவ்வொன்றையும் தனித்தனியே கற்க வேண்டியிருக்கும். அதனால்தான் படப்புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் பெயர் சொல்லும் பிள்ளை, தாகத்தில் அழுதுகொண்டு நிற்கிறது. "பேரெல்லாம் தெரியுது, கேக்க மட்டும் மாட்டேங்கிறான், அழுத்தக்காரன்" என்கிறீர்கள். அழுத்தம் இல்லை. அந்தச் சொல்லால் கேட்கவும் முடியும் என்பதை அது இன்னும் கற்கவில்லை.

நான்கில் கேட்பதைத்தான் முதலில் கற்பிக்க வேண்டும். படத்துக்குப் பெயர் சொன்னால் சந்தோஷப்படுவது நாம். கேட்டால் மட்டும்தான் பலன் நேராகக் குழந்தைக்கே போகிறது. பேசினால் உலகம் அசைகிறது என்று அது தெரிந்துகொள்வது அங்கேதான்.

வீட்டில் இதற்கு மேஜை வேண்டாம், அட்டை வேண்டாம். குழந்தைக்கு முறுக்கு பிடிக்குமா? உள்ளே இருப்பது தெரிகிற டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கமாக மூடி, எட்டும் உயரத்தில் வையுங்கள். அது டப்பாவை எடுத்துக்கொண்டு உங்களிடம் வரும். வந்ததும் உடனே திறக்காதீர்கள். அதன் உயரத்துக்கு உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு பாருங்கள். மனதுக்குள் மெதுவாக ஐந்து வரை எண்ணுங்கள். அந்த ஐந்து எண்ணிக்கை உங்களுக்கு மிக நீளமாகத் தெரியும். குழந்தைக்குத் தேவையான நேரம் அது. ஒன்றும் வரவில்லையென்றால் நீங்களே தெளிவாக ஒரு முறை "முறுக்கு" என்று சொல்லுங்கள். "மு" என்று உதடு குவிந்தாலும் போதும், டப்பாவைத் தட்டினாலும் போதும், உங்கள் முகத்தை ஒரு கணம் பார்த்தாலும் போதும். திறந்து கொடுங்கள். முழு முறுக்கைக் கொடுக்காமல் ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தால், இன்னொரு முறை கேட்க வாய்ப்பு கிடைக்கும். ஒரு முறுக்கில் எத்தனை தடவை பேச்சு நடக்கிறது பாருங்கள்.

இதே மாதிரி ஊஞ்சலை நாலு முறை ஆட்டிவிட்டுப் பிடித்து நிறுத்துங்கள். "தள்ளு" வரும் இடம் அது. குளிக்கும்போது ஒரு சொம்பு ஊற்றிவிட்டு அடுத்த சொம்பைக் கையிலேயே வைத்திருங்கள். பாயசத்தைக் கிண்ணத்தில் வைத்து ஸ்பூனை வைக்க மறந்ததுபோல் இருங்கள். சட்டைக்குள் தலை மாட்டிக்கொண்டு நிற்கும்போது "இழு". நாள் முழுக்க இப்படி எத்தனையோ இடம் இருக்கிறது, அத்தனையும் உங்கள் வீட்டு வேலைக்கு நடுவிலேயே.

ஆனால் ஒரு எல்லையை மீறக் கூடாது. பசி, தாகம், கழிவறை, தூக்கம், வலி, காய்ச்சல் இவற்றை வைத்து ஒருபோதும் பயிற்சி நடத்தாதீர்கள். சோற்றைக் கண்முன் வைத்துக்கொண்டு "சொன்னாத்தான் தருவேன்" என்று குழந்தையை அழவிடுவது கற்பித்தல் ஆகாது. யாராவது ஒரு மையத்தில் அப்படிச் செய்யச் சொன்னால் அந்த மையத்தை விட்டு வந்துவிடுங்கள். விருப்பமானதை வைத்து விளையாடலாம். அவசியமானதை வைத்து விளையாடக் கூடாது. விளையாட்டிலும், முகத்தில் எரிச்சல் தெரிந்ததும் கொடுத்துவிட்டு அடுத்த முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்கும் சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. பலர் எல்லாவற்றுக்கும் "வேணும்" என்று சொல்லப் பழக்குகிறார்கள். சீக்கிரம் வந்துவிடும். பிறகு குழந்தை அறையின் நடுவில் நின்று "வேணும், வேணும்" என்று கத்தும். என்ன வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. ஆரம்பத்தில் பொருளின் பெயரே நல்லது: முறுக்கு, பந்து, ஊஞ்சல். வீட்டில் எல்லோரும் அதே பெயரைச் சொல்ல வேண்டும். அம்மா "வாட்டர்" என்று, பாட்டி "ஜலம்" என்று, தாத்தா "தண்ணி" என்று சொன்னால், முதல் சொல்லைப் பிடிக்கத் தடுமாறும் பிள்ளை எதைப் பிடிக்கும்? ஒரு சொல் நிலைத்த பிறகு மற்றவையும் வரட்டும்.

தெளிவாகச் சொன்னால்தான் தருவேன் என்றும் நிற்காதீர்கள். இன்று "மு", இன்னும் சில வாரத்தில் "முக்கு", பிறகு "முறுக்கு" என்று மெல்ல மெல்ல எதிர்பார்ப்பைக் கூட்டுங்கள். அவசரப்பட்டு ஒரே தாவாகத் தாவச் சொன்னால், கையில் இருந்த "மு"வும் போய்விடும். சொன்னதற்குப் பரிசு அந்தப் பொருளே. ஊஞ்சல் என்றதும் ஊஞ்சல் ஆட வேண்டும். ஊஞ்சல் என்றதற்கு மிட்டாய் கொடுத்தால் குழந்தை மிட்டாயைக் கற்கும். "இது லஞ்சம் கொடுக்கிற மாதிரி இல்லையா?" என்று பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். அழுகையை நிறுத்த எதையாவது கையில் திணிப்பதுதான் லஞ்சம். கேட்டதைக் கேட்டதற்காகப் பெற்றுத்தருவது, பேச்சு எல்லோருக்கும் செய்கிற வேலை. கடையில் நாம் கேட்ட பொருளைத் தராமல் பாராட்டு மட்டும் தந்தால் அந்தக் கடைக்கு மறுபடி போவோமா?

இனி, உங்களிடம் நான் மன்றாடிக் கேட்பது ஒன்று. "சொல்லு" என்ற சொல்லைக் குறையுங்கள். விருந்தாளி வந்ததும் "தாத்தா பேர் என்ன, சொல்லு. இது என்ன கலர், சொல்லு. அன்னைக்குச் சொன்னியே, சொல்லு" என்று பிள்ளையை நடுவீட்டில் நிற்கவைக்கிறோம். நம் தவிப்பு புரிகிறது. இந்தப் பிள்ளைக்கும் தெரியும் என்று உறவுக்குக் காட்ட வேண்டும் என்ற தவிப்பு. குழந்தைக்கோ அது ஓயாத தேர்வு. மனிதர் முகம் பக்கத்தில் வந்தாலே கேள்வி வருகிறது என்று ஆனபின் அது முகங்களை விட்டு விலகி மூலைக்குப் போகிறது. இன்னொரு கெடுதலும் உண்டு. "சொல்லு" என்று யாராவது சொன்னால்தான் பேச வேண்டும் என்று சில குழந்தைகள் பழகிவிடுகின்றன. வாய்வரை வந்த சொல்லை வைத்துக்கொண்டு உங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கின்றன. எங்கள் தொழிலிலேயே இந்தக் கோளாறு நிறைய நடக்கிறது. எந்த உதவியையும் கொடுக்கத் தொடங்கும்போதே எப்படி விலக்கிக்கொள்ளப் போகிறோம் என்று யோசிக்க வேண்டும்.

கேள்வி கேட்பதற்குப் பதிலாக, பார்ப்பதைச் சொல்லிக்கொண்டு போங்கள். குழந்தை ஜன்னலைப் பார்க்கும்போது "காக்கா. காக்கா பறக்குது." அவ்வளவுதான். பதில் எதிர்பார்க்காதீர்கள். அதன் கண் எங்கே இருக்கிறதோ அங்கே உங்கள் சொல் போய்ச் சேரட்டும்.

"உனக்குப் பால் வேணுமா?" என்று கேட்டால் "பால் வேணுமா" என்று அப்படியே திரும்பி வரும் அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். கேலி என்று நினைத்துக் கோபப்பட்ட தாத்தாக்களைப் பார்த்திருக்கிறேன். பால்டிமோரில் மருத்துவர் லியோ கேனர் 1943இல் பதினோரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் என்ற நிலை மருத்துவ உலகுக்குத் தெளிவாகத் தெரிய வந்தது. அந்தக் கட்டுரையிலேயே இது இருக்கிறது. கேட்ட வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்வதுதான் அந்தக் குழந்தைகளுக்கு "ஆமாம்" சொல்லும் வழி என்றும், 'நீ' என்று கேட்டதை 'நீ' என்றே சொல்வதால் தன்னையே 'நீ' என்கின்றன என்றும் அவர் குறித்திருக்கிறார். ஆகவே "பால் வேணுமா" என்பது பெரும்பாலும் "பால் வேணும்"தான். நீங்கள் செய்ய வேண்டியது எளிது. அதன் வாயில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே சொல்லுங்கள். டம்ளரைக் காட்டி, கேள்வி இல்லாமல், "பால் வேணும்" என்று சொல்லிக் கொடுங்கள். அது திருப்பிச் சொன்னாலும் சரியான வாக்கியமாகவே வரும்.

தொலைக்காட்சி விளம்பர வசனத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும் பிள்ளையையும் அதட்டாதீர்கள். அந்த வசனத்தை எப்போது சொல்கிறது என்று பாருங்கள். சோப்பு விளம்பரத்தை ஒவ்வொரு முறையும் குளியலறை வாசலில் நின்று சொன்னால், அது குளிக்கக் கேட்கிறது. "குளிக்கணும்" என்று பக்கத்தில் ஒரு சொல்லை வைத்து, தண்ணீர் திறந்து விடுங்கள்.

உங்களுக்குத் தெரிந்த தாலாட்டும் கைத்தட்டுப் பாட்டும் இங்கே பெரிய சொத்து. நூறு தடவை ஒரே மாதிரி பாடுங்கள். பிறகு ஒரு நாள் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தி அதன் முகத்தைப் பாருங்கள். எதையும் கேட்டு வாங்காத பிள்ளைகூடப் பாட்டை நிறைவு செய்யலாம். எங்கள் பாடத்திட்டத்தில் இதற்குத் தனி இடம் உண்டு.

பாட்டு என்றதும் என்னை வருத்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். "வீட்டில் ஒரே பாஷைதான் பேசணும், இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, இல்லைன்னா குழம்பிடும்" என்று சில இடங்களில் பெற்றோருக்குச் சொல்கிறார்கள். பெற்றோர் எப்படியோ சமாளிக்கிறார்கள். இங்கிலீஷ் தெரியாத பாட்டி என்ன செய்வார்? வாயை மூடிக்கொள்கிறார். நாள் முழுவதும் கூட இருக்கும் ஒருவர் பேச்சு கற்க வேண்டிய குழந்தையிடம் பேசுவதை நிறுத்திவிடுகிறார். அல்லது "கம்", "சிட்", "ஈட்" என்று மூன்று சொல்லோடு நிற்கிறார். இதைவிடக் கெடுதலான ஆலோசனையை நான் அறியேன். இரண்டு மொழி புழங்கும் வீடுகளிலும் ஒரே மொழி புழங்கும் வீடுகளிலும் வளரும் ஆட்டிசக் குழந்தைகளை ஒப்பிட்ட ஆய்வுகள் பல வந்துவிட்டன. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு பின்தங்கியதாக அவற்றில் தெரியவில்லை. நீங்கள் தமிழில் பேசுங்கள். உங்கள் ஊர்த் தமிழில், உங்கள் கொஞ்சலோடு பேசுங்கள். மையத்தில் "டச் நோஸ்", "கிவ் மீ" என்று கற்பித்தால், "எங்க வீட்ல மூக்குன்னுதான் சொல்லுவோம், அதையே சொல்லிக் குடுங்க" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. வீட்டில் யாரோடும் பயன்படுத்த முடியாத சொல்லை வைத்துக்கொண்டு குழந்தை என்ன செய்யும்?

அடுத்து, "வேண்டாம்". முறுக்கும் ஊஞ்சலும் கேட்கக் கற்பித்தால் பாதிதான் முடிந்தது. மறுக்கவும் கற்பிக்க வேண்டும். மிக்சி சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு அலறுவது, கல்யாண மண்டபத்தில் தரையில் விழுந்து புரள்வது, தன் கையையே கடித்துக்கொள்வது இவை எல்லாம் சேட்டை இல்லை, சொல் இல்லாத மறுப்பு. எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1985இல் நான்கு குழந்தைகளோடு நடத்திய ஆய்வில் இதைக் காட்டினார்கள். பாடம் கடினமாக இருந்தபோது மூர்க்கமான குழந்தைக்குப் "புரியலை" என்று சொல்லவும், கவனிப்பு கிடைக்காதபோது மூர்க்கமான குழந்தைக்கு "நான் சரியா செய்றேனா?" என்று கேட்கவும் கற்றுக்கொடுத்தார்கள். மூர்க்கம் குறைந்தது. அலறல் செய்துவந்த வேலையைச் சொல் ஏற்றுக்கொண்டது. இன்றைய நடத்தைப் பயிற்சியில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இது.

ஆகவே "வேண்டாம்", "போதும்", "போகலாம்" மூன்றையும் கற்பியுங்கள். சொல் வராவிட்டால் கையை ஆட்டும் சைகை போதும். கற்பித்த பிறகு அதற்கு மரியாதை கொடுங்கள். இட்லி போதும் என்றால் போதும், இன்னொன்றைத் திணிக்காதீர்கள். பெரியப்பா மடியில் உட்கார மாட்டேன் என்றால் உட்கார வேண்டாம். பல் தேய்ப்பது, மாத்திரை போன்றவற்றில் மறுப்பை ஏற்க முடியாதுதான்; அப்போதும் "வேண்டாம்னு சொன்னே, கேட்டுச்சு, ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டவே பழக்கப்பட்ட பிள்ளை, தவறான கை அதைத் தொடும்போதும் மறுக்கத் தெரியாமல் நிற்கும். பெண் குழந்தை, ஆண் குழந்தை இரண்டுக்கும் இது பொருந்தும்.

"நாலு அடி போட்டா பேசிடும், எங்க காலத்துல அப்படித்தான்" என்று சொல்கிறவர்களும் உங்களில் உண்டு. அடித்துப் பார்த்தாயிற்று. 1960களில் லாஸ் ஏஞ்சலஸில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஐவர் லோவாஸ் என்பவர் ஆட்டிசக் குழந்தைகளுக்கு நடத்தைப் பயிற்சி கொடுத்தபோது அறைந்தார், மின்னதிர்ச்சியும் கொடுத்தார். 1965இல் 'லைஃப்' பத்திரிகை அதைப் படங்களோடு வெளியிட்டது. அவரே 1987இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறையைப் பிரபலமாக்கியது: வாரம் 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 சிறு குழந்தைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் சேர்ந்து, அறிவுத்திறன் சோதனையிலும் சராசரியைத் தொட்டார்கள் என்றார். எந்தக் குழந்தைக்கு எந்தப் பயிற்சி என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்காததால் அந்த எண்ணிக்கையை அன்றிலிருந்தே கேள்வி கேட்டு வருகிறார்கள். "40 மணி நேரம் கொடுத்தால் குணமாகிவிடும்" என்று யாராவது விலை பேசினால், அந்தப் பேச்சின் வேர் இந்த ஆய்வில் இருக்கும். நகையை அடகு வைத்து அதற்குப் பின்னால் ஓடாதீர்கள்.

அந்தக் காலத்துப் பயிற்சியைப் பெற்று வளர்ந்த ஆட்டிச மனிதர்கள் பலர் இன்று தங்கள் அனுபவத்தை எழுதுகிறார்கள். கண்ணைப் பார் என்று முகத்தைத் திருப்பியது, கையை உதறினால் பிடித்து அழுத்தியது, அழுதாலும் விடாமல் மேஜையில் உட்காரவைத்தது எல்லாவற்றையும் வலியோடு சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். கையை உதறுவதால் யாருக்கும் கேடில்லை. அது மகிழ்ச்சியாகவும் இருக்கலாம், ஆறுதலாகவும் இருக்கலாம். உதறட்டும். கண்ணைப் பார்க்காமலும் கேட்க முடியும், பேச முடியும். இந்த மடலில் நான் சொல்லும் முறைகள், மேஜையை விட்டு எழுந்து குழந்தையின் விருப்பத்தின் பின்னால் போகக் கற்ற பிறகு வளர்ந்தவை.

படங்களைப் பற்றிய உங்கள் பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். "படத்தைக் குடுத்துப் பழக்கினா அப்புறம் பேசவே மாட்டான்" என்கிறீர்கள். படத்தை எடுத்துக் கையில் கொடுத்துக் கேட்கும் முறையை 1985இல் டெலவேரில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் உருவாக்கினார்கள். அதன் பிறகு நடந்த ஆய்வுகளில் படமோ சைகையோ பேச்சைத் தடுத்ததாகத் தெரியவில்லை. சில குழந்தைகளுக்குப் பேச்சு கொஞ்சம் கூடியிருக்கிறது. கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை எந்த வழியில் வந்தாலும் நல்லதுதானே? உங்கள் வீட்டு டம்ளரை, உங்கள் வீட்டு ஊஞ்சலைப் போட்டோ எடுத்து அட்டையில் ஒட்டுங்கள். சென்னையில் உருவான 'ஆவாஸ்' செயலி படத்தைத் தொட்டால் தமிழிலும் பேசும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய 25 முதல் 30 சதவீதம் பேர் பள்ளி வயதுக்கு வந்த பிறகும் மிகக் குறைவாகவே பேசுகிறார்கள். உங்கள் பேரப்பிள்ளை அவர்களில் ஒருவரா என்று இரண்டு வயதில் யாராலும் சொல்ல முடியாது. அப்படி இருந்தாலும் அது மொழி இல்லாத பிள்ளை ஆகாது. படத்தால் கேட்டு, சைகையால் மறுத்து, எழுத்துத் தட்டித் தன் மனதைச் சொல்லும் மனிதர்கள் இருக்கிறார்கள். வாய்ப்பேச்சு ஒன்றுக்காக மட்டும் காத்திருந்து அந்த வழிகளை மூடிவிடாதீர்கள்.

மருமகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலைக்குப் போனாள், செல்போன் கொடுத்தாள், பிள்ளையோடு பேசவில்லை, அதனால்தான் இப்படி என்று ஒரு பேச்சு வீடுகளில் ஓடுகிறது. அமெரிக்காவில் புருனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் இதே பழியைத் தாய்மார்கள் மேல் போட்டார்கள். தாயின் அன்பு உறைந்துபோனதால் ஆட்டிசம் வந்தது என்றார்கள். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இல் எழுதிய நூல் அதைத் தகர்த்தது. ஆட்டிசம் மூளை வளரும் விதத்தில் வருவது, மரபணுக்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. செல்போனைக் குறைப்பது நல்லதுதான். அதை அவள் செய்த குற்றமாக்காதீர்கள். அவள் இரவில் அழுவது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், எனக்குத் தெரியும்.

இன்னும் மருத்துவரிடம் போகாத வீடுகளில் இதைப் படிப்பவர்கள் இருந்தால்: "அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினான்" என்று தள்ளிப்போடாதீர்கள். ஒரு வயதில் கை நீட்டிக் காட்டாவிட்டால், பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட வராவிட்டால், இரண்டு வயதில் இரு சொல் சேர்த்துச் சொல்லாவிட்டால், வந்த பேச்சு எந்த வயதில் நின்றுபோனாலும், காட்ட வேண்டும். முதலில் காது கேட்கிறதா என்று 'பெரா' சோதனை செய்யச் சொல்லுங்கள். நாக்கில் வசம்பு தடவுவதால் இது சரியாகாது. கோயிலுக்கு வேண்டிக்கொள்வதை நான் தடுக்கவில்லை, வேண்டுதலோடு கூடவே மருத்துவரையும் பாருங்கள். அரசு மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கும் பயிற்சிக்கும் கிடைக்கும்.

இவ்வளவையும் படிக்காத நம்மால் செய்ய முடியுமா என்று தோன்றும். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு ஓர் ஆய்வு நடந்து 2016இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வெளியானது. சிறப்புப் படிப்பு இல்லாத சுகாதாரப் பணியாளர்கள், பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அதையே போட்டுக் காட்டி, "இந்த இடத்துல அவன் உங்களைப் பார்த்தான், நீங்க காத்திருந்தீங்க, பாருங்க" என்கிற மாதிரி பேசினார்கள். நான் இங்கே சொன்ன முறையின் நகல் அல்ல அது. ஆனால் காத்திருப்பதும் குழந்தையின் வழியில் போவதும் இரண்டுக்கும் பொது. அந்தக் குழந்தைகள் தாமாகப் பேச்சைத் தொடங்குவது கூடியது. எல்லாமே கூடிவிடவில்லை, சேர்ந்து ஒன்றைக் கவனிக்கும் நேரம் கூடவில்லை, குறைந்தும் இருந்தது. ஆனாலும் சாதாரண மனிதர்கள், சாதாரண வீடுகள் என்பது நமக்கு முக்கியம்.

அதனால் அடுத்த முறை மையத்துக்கு வரும்போது பெஞ்சில் உட்காராதீர்கள். "நானும் உள்ளே வந்து பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். குழந்தையின் கவனம் சிதறும் என்று ஓரிரு நாள் தயங்கினால் நியாயம். எப்போதுமே மூடிய கதவு நியாயமில்லை. உள்ளே எங்கே காத்திருக்கிறோம், எந்த ஒலியைச் சொல்லாக ஏற்றுக்கொள்கிறோம், எப்போது உதவியை எடுத்துவிடுகிறோம் என்று கூர்ந்து பாருங்கள். வீட்டில் அது எதைக் கேட்டது, எப்படிக் கேட்டது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுத வராவிட்டால் வாயால் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். எங்கள் திட்டத்தில் அடுத்த சொல் எது என்பதை அந்த நோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பேரப்பிள்ளைகளின் சிறப்பாசிரியர்களில் ஒருவர்